மதகையும் முறையையும் பிரிக்க முடியாது

"சமூகத் தொழில்நுட்ப அமைப்பு என்பது இயந்திரமும் அதைப் பயன்படுத்துவோரும்தான், பொறியாளர் இயந்திரத்தைப் பார்த்தால் போதும்" என்கிறார் நண்பர். ஏற்க முடியவில்லை.

அப்படிப் பிரித்ததால் நேர்ந்த நட்டத்திலிருந்துதான் அந்தக் கருத்தே பிறந்தது. எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் எழுதியது இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி. புது இயந்திர முறை, ஒன்றாக உழைத்த சிறு குழுக்களை ஷிஃப்ட் வாரியாக உடைத்தது. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை.

திருநாவலூரில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? இங்கே படையோடு தங்கியிருந்த சோழ இளவரசர் இராசாதித்தரின் பெயரோடு சேர்த்துத்தான் வீராணம் ஏரியைச் சொல்கிறோம். அவர் தந்தை முதலாம் பராந்தகர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த முறை இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. கால்வேலி நிலமாவது இல்லாதவருக்கும் பொதுவாக இடமில்லை. அந்த அநீதியும் வடிவமைப்பின் பகுதியே.

கரை எவ்வளவு வலுவாக இருந்தால் என்ன? வண்டலை யார் அள்ளுவது, வறண்ட ஆண்டில் கடைமடைக்கு எந்த நாள் தண்ணீர் என்று முடிவாகாத ஏரி தூர்ந்துபோகும். மதகின் அளவு பாசன முறையைப் பொறுத்தது. முறை மதகைப் பொறுத்தது. நண்பர் எதை முதலில் வரைவார், எதைப் பிறகு ஒட்டுவார்?