ஓசி கரண்ட்

மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றுமாம். ஜெனரேட்டர் தரும் கரண்டில் அதே மோட்டார் ஓடுமாம். மிச்சத்தை வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துக்கொள்ளலாமாம். மாதம் ஒரு முறையாவது இந்த வீடியோ வேறு வேறு முகங்களோடு என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்களில் இஞ்சினியரிங் படித்தவர்களும் உண்டு என்பதுதான் எரிச்சல். 1996-ல் மூலிகை பெட்ரோலுக்குக் கை தட்டிய ஊர் அல்லவா நம்முடையது!

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் 5 எச்.பி. பம்புசெட்டை ஓட்டும் என்று நம்பி, இப்படி ஒரு பெட்டிக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். பெட்டியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. துணை மின்நிலையங்களிலேயே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டது இது: கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்சாரம் ஓடுகிறது, காந்தம் சும்மா கிடந்தால் ஓடுவதில்லை. இதை வீடியோக்காரர்களும் சொல்கிறார்கள். 1834-ல் லென்ஸ் சொன்னதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். சுருளில் பிறந்த மின்சாரம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைப் பெற்ற அசைவையே எதிர்த்துத் தள்ளும். எவ்வளவுக்கு எவ்வளவு கரண்ட் எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு சுற்றுவது கடினம்.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். சைக்கிள் டைனமோ போதும். லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து டைனமோவைத் தட்டிவிடுவோமே, உடனே மிதி கனக்கும். உருளை டயரில் உரசுவதும் ஒரு காரணம்தான். ஆனால் பல்பு எரிவதற்கான கூலியும் அந்தக் கனத்தில் இருந்தது. கொடுத்தது நம் கால்.

மேட்டூரிலும் இதேதான், அளவுதான் வேறு. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கும் ஏசியும் போட்டால் ஜெனரேட்டர்கள் திணறும். 50 ஹெர்ட்ஸ் கொஞ்சம் சரியும். கவர்னர் உடனே கூடுதல் தண்ணீரையோ நீராவியையோ திறந்துவிட வேண்டும். ஓசியில் சுற்றும் என்றால் நெய்வேலியில் எதற்கய்யா இத்தனை வருஷமாகப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டுகிறார்கள்? "பெரிய கம்பெனிகள் மறைக்கின்றன" என்பார்கள். கடனில் தத்தளிக்கும் மின்வாரியம் இப்படி ஒரு பெட்டி கிடைத்தால் விட்டுவைக்குமா?

கணக்கும் சின்னதுதான். நல்ல மோட்டார் 100-க்கு 90 தரும். ஜெனரேட்டரும் அப்படியே என்று வையுங்கள். ஒரு சுற்று போய் வந்தால் 81. அடுத்த சுற்றில் 65 சொச்சம். நடுவில் பெரிய ஃபிளைவீல் மாட்டுகிறார்கள். அது உண்டியல், போட்டதைத்தான் எடுக்கலாம்.

இன்னொரு ஜாலம், "12 வோல்ட்டை 230 ஆக்கிவிட்டோம்" என்பது. ஆக்கலாம். அதனால் மின்சாரம் பெருகிவிடாது. வோல்ட் ஏறினால் ஆம்பியர் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் செய்வதும் அதைத்தான். ஃபாரடேயின் அதே தூண்டல், அசையும் பாகமே இல்லாமல். அதன் அருமை தொலைதூரக் கம்பியில்தான் தெரியும். 100 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 435 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியின் எதிர்ப்பு 1 ஓம் என்றால், கம்பியிலேயே 435 வோல்ட் விழும். நம்மிடம் இருப்பதே 230! ஊர் எல்லையைத் தாண்டாது. அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 9 ஆம்பியர்தான். கம்பி தின்பது 83 வாட், ஒரு மின்விசிறி அளவு. அதனால்தான் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று கோபுரம் கோபுரமாக நட்டு, கடைசியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 11,000-ஐ 433 ஆக்கித் தருகிறார்கள். இழப்பைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடு. அதை லாபமாக்கிவிட்டோம் என்கிறார் பெட்டிக்காரர்.

யாராவது விற்க வந்தால், காசு கொடுக்குமுன் உங்கள் கிணற்று மோட்டாரை அதில் மாட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கட்டும். விவசாயியிடம் நம்பர் வாங்கி நானே போனில் கேட்டுப் பார்த்தேன். "ஓடும் சார், தாராளமா ஓடும். லோடு மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.