மொய் நோட்டும் சம்பளச் சீட்டும்

சிங்கப்பூர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். சம்பளச் சீட்டுல 'சிண்டா'ன்னு போட்டு கொஞ்சம் வெள்ளி பிடிச்சிருந்தாங்க. பக்கத்து சீட்டுத் தமிழரைக் கேட்டேன். "இங்க இருக்கற இந்தியப் பிள்ளைங்க படிப்புக்குப் போற காசுங்க. வேணாம்னா எழுதிக் கொடுத்து நிறுத்திக்கலாம்"னார். 1991ல ஆரம்பிச்ச அமைப்பு. சம்பளத்துக்கு ஏத்த மாதிரி மாசம் 1 வெள்ளியிலேர்ந்து 30 வெள்ளி வரைக்கும் பிடிப்பாங்க. வாங்கற பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது, அதுக்கும் என் மூஞ்சி தெரியாது.

நமக்கு இது தானமாவே தோணலை. நான் தஞ்சாவூர்க்காரன் ஆச்சே! எங்க ஊர்க் கோயில் டியூப் லைட்டுல வெளிச்சத்தை விட உபயதாரர் பேரு பெருசா இருக்கும். வெளிநாடு வந்தப்புறம் இதைக் கிண்டலடிக்கறது ஒரு ஃபேஷன். நானும் அடிச்சிருக்கேன்.

ஆனா பேர் எழுதறதெல்லாம் விளம்பரம் இல்லீங்க. பெரிய கோயில்ல ராஜராஜன் தான் கொடுத்ததோட, அக்கா குந்தவை, ராணிகள், மத்தவங்க கொடுத்ததையும் சேர்த்தே கல்லுல வெட்டச் சொன்னார். ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய், ஆட்டை எந்த இடையர் பொறுப்புல விட்டாங்கங்கறது வரைக்கும் இருக்கு. பெருமையும் உண்டுதான், ஆனா அது கணக்கு நோட்டு.

பேராவூரணிப் பக்கம் இன்னொரு நோட்டு உண்டு, மொய் நோட்டு. ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்க. கறிச்சோறு சாப்பிட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க. அந்தப் பணத்துல கடனை அடைக்கலாம், தொழில் வைக்கலாம். அவங்க விருந்து வைக்கும்போது கூடப் போட்டுத் திருப்பணும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அங்க இருக்கற என் மாமா தோப்புல முக்காவாசித் தென்னை சாஞ்சிருச்சு. பணம் அனுப்பறேன்னேன். "அதெல்லாம் வேணாம் மாப்ள"ன்னு ஃபோனை வச்சிட்டார். அடுத்த நாள் வாட்ஸப்புல ஒரு போட்டோ வந்துச்சு. நிவாரண வண்டி, சிரிச்சுகிட்டு நாலு பேரு, கையில பிஸ்கட் பாக்கெட்டோட தலையைக் குனிஞ்சு நிக்கறது எங்க மாமா. பத்துப் பேருக்கு வேலை கொடுத்த மனுஷன்...

அத்தைதான் வழி சொன்னாங்க. "மொய்யாப் போட்டு விடுங்க தம்பி, வாங்கிக்குவாரு."

போட்டேன். நோட்டுல என் பேரும் தொகையும் எழுதி, ஊர்ங்கற இடத்துல 'சிங்கப்பூர்'னு எழுதிக்கிட்டார். 2023ல என் பொண்ணு காதுகுத்துக்கு வந்தவர் அதுக்கு மேலயே சேர்த்து வச்சார். எனக்குக் கை கூசுச்சு. ஆனா வாங்காம விட்டிருந்தா, அந்த போட்டோ எடுத்தவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வெளிநாட்டுக்காரன் சத்தமில்லாம கொடுக்கறான், நம்மாளு பேர் போட்டுக்கறான்னு சொல்றது பாதி உண்மைதான். சிண்டாவுல முகம் தெரியாததால வாங்கறவர் மானம் தப்பிக்குது. மொய்யில திருப்பித் தர முடியறதால தப்பிக்குது. தோப்பு இல்லாத, கூலிக்குப் போற சனத்துக்கு மொய் திருப்ப வழி ஏது? அவங்களுக்கு முகம் தெரியாத கொடைதான் சரி.

அடுத்த புயலுக்கும் நாம கொடுக்கத்தான் போறோம். பேர் போட்டுக்கணுமா, போட்டுக்குங்க. கேமராவை மட்டும் வீட்டுலயே வச்சிட்டுப் போங்க சாமிகளா.