காசுக்கு ஏன் காலாவதித் திகதி?

பாலுக்குக் காலாவதித் திகதி இருக்கலாம். பாணுக்கும் இருக்கலாம். ஃபோனுக்குப் போட்ட காசுக்கு ஏன்?

கனடாவில் இந்தக் கேள்வியைக் கேட்க வைச்சதே பாலும் பாணும் விற்கிற ஒரு கடைதான். செவன் இலெவன் தன்ர கடைகளில 'ஸ்பீக் அவுட்' எண்டு ஒரு முற்கொடுப்பனவுச் சேவையை விற்றது. அதுக்குச் சொந்தமா ஒரு கோபுரமும் இல்லை. ரொஜேர்ஸின் வலையமைப்பில்தான் ஓடினது. ஆனா 25 டொலர் போட்டால் 365 நாள் செல்லும். பெரிய கொம்பனிகளில் சின்னத் தொகை போட்டவருக்கோ 30 நாள்தான். அதே கோபுரம், அதே அலை. அப்ப அந்த 30 நாள் தொழில்நுட்பத் தேவை இல்லை, வியாபாரத் தந்திரம்.

முற்கொடுப்பனவு பாவிக்கிறது ஆர்? கடன் வரலாறு இல்லாமல் புதுசா வந்திறங்கினவர், எப்பவாவது ஒருக்கா கதைக்கிற அம்மம்மா. ஸ்காபரோவில் எங்கட சனத்திலயும் அப்படி ஆக்கள் இருக்கினம். குறைவாகக் கதைக்கிறவருக்குத்தான் இழப்புக் கூட.

2013 இல் கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கைபேசிச் சேவைக்கு ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. காலாவதியான பிறகும் 7 நாள் கணக்கைத் திறந்து வைக்க வேணும் என்றது. ஏழே ஏழு நாள்! காசு காலாவதியாகிறதே பிழை எண்டு சொல்ல மனம் வரேல்லை.

'அப்ப ஒரு வருசம் போதாதோ?' எண்டு கேக்காதேங்கோ. அது சலுகை, உரிமை இல்லை. முன்கூட்டியே காசு கட்டினவர் கொம்பனிக்குக் கடன் குடுத்தவர். கடன் வாங்கினவனே திகதி வைச்சுக் கணக்கை அழிக்கலாமோ?