சண்டையை மூட்டியது பூனையல்ல

ஷிரோ டொயோடா 1956இல் எடுத்த ‘பூனை, ஷோஸோ, இரண்டு பெண்கள்’ என்ற ஜப்பானியத் திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வாய்ப்பாட்டைத்தான் ஒப்புவிக்கிறார்கள். பழைய மனைவிக்கும் புதிய மனைவிக்கும் இடையில் அகப்பட்ட அப்பாவி ஆண், அவனுக்கு ஆறுதலாக ஒரு பூனை, நல்ல நகைச்சுவை. இந்த வாசிப்பை நான் முற்றாக நிராகரிக்கிறேன்.

அப்பாவியாம்! ஷோஸோ தாய் ஆட்டிவைத்தபடி ஆடுகிற சோம்பேறி. கடை நொடித்துக் கிடக்கிறது. முதல் மனைவி ஷினாகோ உழைப்பாளி. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவள். தாய் ஓரின் அவளை வெளியேற்றிவிட்டுத் தன் சகோதரன் மகள் ஃபுகுகோவைக் கொண்டுவருகிறாள். பெண்ணோடு சொத்தும் வருகிறது. மாமன் மகள், சீதனம், மாமியின் கணக்கு: நமக்கு இதில் விளங்காதது என்ன இருக்கிறது? பூனை லிலி இந்தக் கதைக்குள் நுழையுமுன்பே அநியாயம் நடந்து முடிந்துவிட்டது.

பிறகுதான் ஷினாகோ கடிதம் எழுதுகிறாள். வேறெதுவும் வேண்டாம், பூனையை மட்டும் தாருங்கள் என்கிறாள். அவனுக்கு மனைவியைவிடப் பூனையே பெரிது என்ற விஷத்தையும் அதில் கலந்துவிடுகிறாள். பூனை தன்னிடமிருந்தால் அவனும் பின்னால் வருவான் என்பது அவள் கணக்கு. இதைப் ‘பெண்புத்தி’ என்று சிரிக்கிறார்கள். துரத்தப்பட்டவளிடம் வேறென்ன ஆயுதம் இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஃபுகுகோவின் பொறாமையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. படத்துக்கு மூலமான ஜுனிச்சிரோ தனிஸாகியின் நாவல் 1936இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில், தனக்குப் பிடிக்காத புளிக்காடி மீனைக் கணவனுக்காகவே அவள் சமைக்கிறாள். அவனோ புளிப்பை உறிஞ்சிவிட்டு மீனைப் பூனைக்கு ஊட்டுகிறான். அடுப்படியில் வெந்தவர்களுக்கு அந்தக் கோபம் தெரியும்.

நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. ‘டோக்கியோ கதை’யில் (1953) அடக்கமான கடைசி மகளாக வந்த கியோகோ ககாவாவா இங்கே ஃபுகுகோவாக இப்படிச் சீறுகிறார் என்று நான் வியந்தேன். ஷினாகோவாக வரும் இஸுஸு யமடா அடுத்த ஆண்டே குரோசாவாவின் மக்பெத்தில் அந்தப் பயங்கர மனைவியானார். ஆனால் ஷோஸோவாக ஹிஸாயா மொரிஷிகே குழைகிற குழைவு பார்வையாளரின் இரக்கத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. டொயோடா அதற்கு இடங்கொடுத்தார் என்பதே என் குற்றச்சாட்டு.

பூனைமீது அவனுக்குள்ள பாசம் பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் காசுக் கணக்குப் பார்க்காத ஒரே சீவன் அது. ஆனால் அந்தப் பூனைக்காகவேனும் அவன் வாய் திறந்தானா? ஷினாகோவை விட்டுக்கொடுத்த அதே வளைந்த முதுகோடு லிலியையும் கொடுத்தனுப்பினான். பிறகு ஒளித்துப் பார்க்கப் போகிறான்.

நாவலில் என்னை உலுக்கியது வேறோர் இடம். தங்கையின் வீட்டு மாடியறையில் ஒண்டியிருக்கும் ஷினாகோவுக்கு லிலி ஒரு தூண்டில் இரை மட்டுமே. அது அவள் கொடுத்ததை உண்ண மறுக்கிறது, ஓடிப்போகிறது. பின் ஒருநாள் தானாகவே திரும்பிவருகிறது. அன்றிலிருந்து அவள், முன்பு வெறுத்த அதே பூனையைப் படுக்கையில் அணைத்துக்கொண்டு உறங்குகிறாள். ஷோஸோவுக்காகக் கண்ணீர் வடிக்கும் நமது விமர்சகர்கள் இதைப்பற்றி ஒரு வரிகூட எழுதக் காணோம்.