முன்வரிசை யாருக்கு?

நால்வர் கூடும் இடத்தில் ஒருவரின் சொல் எடுபடுகிறது. மற்றொருவரின் சொல் காற்றோடு போகிறது. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

அமெரிக்க உளவியல் அறிஞர் கேமரன் ஆண்டர்சனும் உடன் ஆய்ந்தோரும் கல்லூரி மாணவர் குழுக்களில் இதனை ஆராய்ந்து, 2001-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கலகலப்பாகப் பழகித் துணிந்து பேசும் இயல்பினரே, ஆணாயினும் பெண்ணாயினும், தம் குழுவில் மதிப்புப் பெற்றனர். இணங்கிப் போகும் நற்குணம் ஒருவரின் மதிப்பைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆண்டர்சனும் கில்டஃப் என்பாரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் வியப்பளிப்பது. கணக்குகளுக்கு விடை காணக் கூடிய குழுக்களில், முந்திக்கொண்டு பேசியவர்களையே ஏனையோர் திறமைசாலிகள் என நம்பினர். உண்மையில் அவர்களது திறன் பிறருடையதைவிட மிகுந்திருக்கவில்லை!

இஸ்லாத்தின் தொடக்ககாலச் சமுதாயம் வேறோர் அளவுகோலைக் கையாண்டது. 622-இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேருமுன், குபா அருகே முஹாஜிர்களுக்குத் தொழுகை நடத்தியவர் ஸாலிம் (ரலி) அவர்கள். அவர் விடுதலை பெற்ற அடிமை. பின்னே நின்றவர்களுள் குறைஷிக் குலத்து உமர் (ரலி) அவர்களும் ஒருவர். ஸாலிமை முன்னிறுத்தியது குலமன்று, குரலுமன்று. அங்கிருந்தோரில் திருக்குர்ஆனை மிகுதியாக அறிந்தவர் அவரே.

அவ்வாறாயின் நல்லவராய் இருந்தாலே போதுமா? போதாது. வாய்மைக்குப் பேர்பெற்ற அபூதர் (ரலி) அவர்கள் தமக்கொரு பொறுப்பு வேண்டியபோது, அது ஓர் அமானிதம் என்றும், அதனைச் சுமக்க அவருக்கு வலுவில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதனால் அவர்மீது அண்ணலார் கொண்டிருந்த அன்பு குறையவில்லை. ஒருவரை மதிப்பது வேறு. அவர் தோளில் பொறுப்பை ஏற்றுவது வேறு.

அன்பர்களே! நம் ஜமாஅத் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். பல்லாண்டுகள் ஒரு காசு பிசகாமல் பள்ளிவாசல் கணக்கெழுதியவர் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்க, உரத்துப் பேசுபவர் நிர்வாகியாகிவிடும் ஊர்கள் இல்லையா? பிறகு வரவு செலவில் குழப்பம் நேர்ந்தால் யாரை நோவது? தேர்ந்தெடுத்தவர்கள் நாமல்லவா?

ஆகவே, அடுத்த கூட்டத்தில் முதலில் பேசியவரோடு முடிவெடுத்துவிடாதீர்கள். பேசாதிருப்போரிடமும் பெயர் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். பொறுப்பை நாடுவோரின் பேச்சை ஒருபுறம் வைத்து, இதுவரை அவர்கள் ஏற்ற வேலையை எவ்வாறு முடித்தார்கள் என்று விசாரியுங்கள். இப்பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். துடுக்காகப் பேசும் பிள்ளைக்குச் செவிசாய்க்கும் நீங்கள், அடங்கியிருக்கும் பிள்ளையின் கருத்தையும் இன்றே கேளுங்கள்.