பூஞ்சை வித்துகளுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

வறண்ட சீதோஷ்ணமே மூலதனமாக வாய்த்தமையால் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்த சிவகாசியில், தீபாவளிக்குப் பின் இருமுகிறவர்கள் வெடிப்புகையையே குற்றவாளியாக்குவது இயல்பு, அது நியாயமுங்கூட. ஆயினும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் உடன் இறங்குவதால், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு காரணமும் அக்காற்றில் கலந்திருப்பதை நாம் மறத்தலாகாது.

பூஞ்சை வித்துகள் யாவும் ஒரே சுபாவம் உடையன அல்ல. காய்ந்த பயிர்த்தாள்களிலும் சருகுகளிலும் வளரும் ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம் ஆகியவற்றின் வித்துகள் ஈரம் வற்றிய பகற்காற்றில் உதிர்ந்து பறப்பன. வேறு சிலவோ, மழை நனைத்த பின்னரே தம் நுண்பைகளிலிருந்து வித்துகளை விசையோடு எறிவன. பெருமழை காற்றைக் கழுவிவிடுகிறது என்பது மெய்தான். ஆனால் அந்த மழைக்குப் பின், அச்சகத்து மூலையில் ஈரம் பிடித்த காகிதக் கட்டின்மீதும், மாவுப்பசை தடவிய அட்டைக்குழாயின்மீதும் பச்சையும் கருமையுமாகப் பூசணம் படர்வதையும், அதைத் துடைப்பத்தால் தட்டியவுடன் தூசி போல ஏதோ எழும்புவதையும் இங்குள்ள தொழிலாளர் அறிவர். அந்தத் தூசியே ஆஸ்துமாக்காரரின் மூச்சைத் திணறடிக்க வல்லது.

1952ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹர்ஸ்ட் என்பார், காற்றை உறிஞ்சி வித்துகளைக் கண்ணாடித் தகட்டில் மணிவாரியாகப் பதிக்கும் கருவியை அமைத்துவிட்டார். புகையை மாத்திரம் அளந்துவிட்டு வியாதிக்குக் காரணம் சொல்வது அரைகுறை வைத்தியமே என்பது என் அபிப்பிராயம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மாடியில் அத்தகைய கருவியொன்றை நிறுவி, வித்துகளின் அளவை வாரந்தோறும் பத்திரிகைகளில் பிரசுரிக்க அரசாங்கம் முன்வர வேண்டும்.