ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம்

வைட்டிலாவில் நிலவழிக்கும் நீர்வழிக்கும் இடையே சில நிமிட நடைதான். 2011-இல் திறக்கப்பட்ட மொபிலிட்டி ஹப் பேருந்து நிலையம், 2019 செப்டம்பரில் அங்கு வந்து சேர்ந்த மெட்ரோ ரயில், 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்கு ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கொச்சியில் வாழும் நமக்குப் படகுப் பயணம் புதிதன்று. குறித்த நேரத்தில் படகு வருகிறது. எண்ணிக்கை பார்த்துப் பயணிகளை ஏற்றுகிறார்கள். காயல் நீர் பெரிதாக அசைவதில்லை. நீர் என்பது நேர அட்டவணைக்குள் அடங்குவது என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனத்தில் பதிந்துவிடுகிறது.

மலையாறு அப்படிப்பட்டதன்று. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில், காற்றடைத்த ரப்பர் மிதவையில் அமர்ந்து துடுப்புப் போட்டுச் செல்லும் ராஃப்டிங் விளையாட்டுக்காக ஒரு முறையேனும் ரிஷிகேஷ் சென்று வர வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது விமானக் கட்டணத்தை எழுதுகிறோம், விடுதி வாடகையை எழுதுகிறோம், சாப்பாட்டுச் செலவையும் எழுதுகிறோம். ஒரு செலவை மட்டும் எழுதுவதில்லை. கரை வரை சென்ற பிறகு, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லித் திரும்புவதற்கு ஆகும் செலவு அது. அதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்காத எந்தத் திட்டமும் முழுமையானதன்று என்பதே நம் கருத்து.

நாட்காட்டி ஆற்றினுடையது

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அங்கிருந்து ரிஷிகேஷ் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இந்தப் பள்ளத்தாக்கில் கௌடியாலா, மரீன் டிரைவ், சிவபுரி, பிரம்மபுரி ஆகிய இடங்களிலிருந்து மிதவைகள் புறப்படுகின்றன. அந்த மரீன் டிரைவ் நம் எறணாகுளத்து மரீன் டிரைவைப் போல மாலை நேரத்தில் காற்று வாங்கும் இடமன்று. பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து சுமார் 16, கௌடியாலாவிலிருந்து சுமார் 35. நீர் வேகமாகச் சரிந்து பாயும் இடங்களை ‘ரேபிட்’ என்பார்கள். உலகெங்கும் அவற்றை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று மெல்லிய சலனம். ஆறு உயிரைப் பணயம் வைப்பது. சிவபுரிப் பகுதியில் பெரும்பாலும் மூன்றாம் தரம் வரை உண்டு. கௌடியாலாப் பகுதியில் உள்ள ‘தி வால்’ நான்காம் தரத்தைச் சேர்ந்தது. முதன்முறையாகச் செல்வோருக்குப் பிரம்மபுரியும் சிவபுரியும் போதும்.

எந்த இடத்தில் இறங்குவது என்பதைவிட எந்த மாதத்தில் இறங்குவது என்பதே முதற்கேள்வி. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கையில் ராஃப்டிங் நிறுத்தப்படுகிறது. செப்டம்பரில் நீர்மட்டம் இறங்கியதை அதிகாரிகள் பார்த்து உறுதி செய்த பின்னரே மீண்டும் அனுமதிக்கிறார்கள். கேரளத்தில் வாழும் நாம் தடுமாறுவது இங்குதான். நமக்கு ஆண்டின் நடுவே கிடைக்கும் நீண்ட விடுமுறை ஓண விடுமுறை. திருவோணம் 2025-இல் செப்டம்பர் 5 அன்று வந்தது. 2026-இல் ஆகஸ்ட் 26 அன்று வருகிறது. இரண்டுமே கங்கையில் மிதவை இறங்காத நாட்கள். விடுமுறையைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்கியவர், ரிஷிகேஷில் பெருகி ஓடும் கலங்கல் நீரைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

மே மாதமும் எளிதன்று. ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ பத்ரிநாத், கேதார்நாத் கோயில்கள் திறக்கப்பட்டதும் யாத்திரை வாகனங்கள் ரிஷிகேஷ் வழியாகவே மலையேறுகின்றன. சாலை நெரிசலிலேயே ஒரு நாள் கழிந்துவிடும். டிசம்பரில் நீர் தெளிந்திருக்கும். ஆனால் கொச்சியின் வெப்பத்தில் பழகிய உடலுக்கு அந்தக் குளிர் கடுமையானது. பள்ளித் தேர்வுகள் முடிந்த கையோடு வரும் ஏப்ரல் முதற்பாதியும், நவராத்திரியை ஒட்டிய அக்டோபர் நாட்களும் நமக்குப் பொருந்தக்கூடியவை. அப்போதும் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

ரயிலில் செல்ல விரும்புவோருக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்று இப்போது அழைக்கப்படும் கொச்சுவேளியிலிருந்து ரிஷிகேஷுக்குக் கொங்கண் பாதை வழியாக வாராந்தர ரயில் உண்டு. பயணம் இரண்டு நாட்களுக்கு மேல் நீளும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. நெடும்பாசேரியிலிருந்து விமானத்தில் டெல்லி சென்று, அங்கிருந்து டேராடூன் வரை பறப்பதும் உண்டு. எவ்வழியில் சென்றாலும் ஆற்றுக்கென இரண்டு நாட்களை ஒதுக்குவோம். ஒன்று ஆற்றில் இறங்க. மற்றொன்று முதல் நாள் வேண்டாம் என்றானால் காத்திருக்க.

அருகிலும் ஆறுகள் உண்டு

பெயர் பெற்ற ஆறு என்பதற்காக மூவாயிரம் கிலோமீட்டர் செல்லத்தான் வேண்டுமா என்பதையும் வீட்டில் அமர்ந்து பேசுவோம். தெற்குக் குடகில் பாயும் பாரபொளெ ஆற்றில் மழைக்காலத்தில்தான் ராஃப்டிங் நடக்கிறது. கங்கை மூடியிருக்கும் மாதங்களில் அது திறந்திருக்கிறது. அதே ஆறுதான் மலையிறங்கிக் கண்ணூர் மாவட்டத்துக்குள் வருகிறது. கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி நதியும், மகாராஷ்டிரத்தின் கோலாடில் குண்டலிகா நதியும் அணையிலிருந்து திறக்கப்படும் நீரை நம்பியவை. நீர் திறக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறியாமல் செல்வது வீண். ஆற்றில் இறங்காமல் பார்த்து மகிழ விரும்புவோருக்குக் கோழிக்கோடு மாவட்டத்தின் துஷாரகிரிப் பகுதி இருக்கிறது. அங்கே சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் நடைபெறும் மலபார் நதித் திருவிழாவில் பல நாட்டு வீரர்கள் கயாக் படகுகளைச் செலுத்துகிறார்கள். முதலில் அருகில் ஓர் ஆற்றைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு கங்கைக்குச் செல்வது செலவையும் அச்சத்தையும் ஒருசேரக் குறைக்கும்.

கடன் வாங்கிய துணிச்சல்

சுற்றுலாவுக்குத் தனிநபர் கடன் கிடைப்பது இன்று எளிது. எளிது என்பதாலேயே அது தகுந்ததாகிவிடாது. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் 60,000 ரூபாய் செலவிடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 14 சதவீத வட்டியில் ஓராண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 5,390 ரூபாய். வட்டி மட்டும் 4,600 ரூபாயைத் தாண்டும். அதே குடும்பம் ஓராண்டுக்கு முன்பே மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் சேர்த்திருந்தால், 6.5 சதவீத வட்டியில் 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இரண்டுக்கும் இடையே ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு.

எனினும் நாம் கவலைப்படுவது அந்த ஆறாயிரத்துக்காக அன்று. கடன் வாங்கிச் சென்றவர் கரையில் நிற்கும்போது அவருடைய முடிவு அவர் கையில் இருப்பதில்லை. இரவு பெய்த மழையில் நீர் ஏறியிருக்கலாம். பாகீரதியின் மேல் உள்ள டேரி அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டிருக்கலாம். மகளுக்குக் காய்ச்சல் கண்டிருக்கலாம். மிதவையில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றலாம். ‘இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோமே’ என்னும் எண்ணம் அப்போது அறிவை முந்திக்கொள்ளும். செலவழித்த பணம் ஆற்றில் இறங்கினாலும் திரும்பாது, இறங்காவிட்டாலும் திரும்பாது. ஆனால் அந்த நேரத்தில் மனம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சேமித்துச் சென்றவருக்கு அடுத்த ஆண்டு மீண்டும் சேமிக்கலாம் என்ற ஆறுதல் உண்டு. தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை.

ஆகவே மொத்தத் தொகையை மூன்றாகப் பிரிப்போம். போக்குவரத்தும் தங்குமிடமும் ஒன்று. ஆற்றுக்கான கட்டணம் இரண்டாவது. கூடுதலாக ஒரு நாள் தங்கவோ, சீட்டை மாற்றவோ, மருத்துவரைப் பார்க்கவோ வேண்டிய தொகை மூன்றாவது. மூன்றாவது பங்கைத் தனியே வைப்போம். தேவைப்படாவிட்டால் அது சேமிப்புக் கணக்குக்கே திரும்பட்டும். இரண்டாவது பங்கு மூன்றிலும் சிறியதாகவே இருக்கும். பல ஆயிரம் செலவிட்டு அவ்வளவு தொலைவு சென்றபின், சில நூறு ரூபாய்க்காகப் பேரம் பேசி உரிமம் இல்லாத மிதவையில் ஏறுவது சிக்கனமாகாது.

காப்பீடும் முன்பணமும்

காப்பீட்டுப் பத்திரத்தை ஊருக்குப் புறப்படும் முன்பு ஒரு முறை படிப்போம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகத்தின்படி, மருத்துவக் காப்பீட்டில் ராஃப்டிங் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளுக்கான விலக்கு அவற்றைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியது. விடுமுறைக்காக ஒரு நாள் மிதவையில் ஏறுபவர் அந்த விலக்கில் வரமாட்டார். ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் வாசகம் வேறாக இருக்கலாம். ஐயம் இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்து வடிவில் விடை பெறுவதே பாதுகாப்பு.

முன்பணம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துவோம். ரத்து விதிகளை எழுத்தில் கேட்போம். முழுத் தொகையையும் முன்னரே கொடுக்க வேண்டியதில்லை. ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்’ என்று எவரேனும் சொன்னால் அது மோசடி. யுபிஐ பின் எண் நம் கணக்கிலிருந்து பணம் செலுத்துவதற்கே தேவைப்படும்; பணம் பெறுவதற்குத் தேவையில்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைத்து, நம் வங்கிக்கும் தெரிவிப்போம்.

கரையில் கேட்க வேண்டியவை

விதிகள் இல்லாமல் இல்லை. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், உரிய விதிகள் வகுக்கப்படும் வரை ஆற்றுச் சாகச விளையாட்டுகளை நிறுத்தி வைக்குமாறு ஆணையிட்டது. ஆற்றங்கரைக் கூடாரங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே கட்டுப்பாடு விதித்தது. ராஃப்டிங்குக்குக் குறைந்தபட்ச வயது 14 என்பது அங்குள்ள விதி. ஆயினும் விதியைக் கடைசியாகச் சரிபார்ப்பவர்கள் நாமே. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறிய ஆட்களோடு சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததைக் கேரளம் மறக்கவில்லை. அமைதியான நீரிலேயே அது நேர்ந்தது.

எனவே கூச்சப்படாமல் கேட்போம். வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? உடன் பாதுகாப்புக் கயாக் வருமா? உயிர்காப்புச் சட்டையின் வார்கள் உடலோடு இறுகப் பொருந்துகின்றனவா? தலைக்கவசம் எல்லோருக்கும் இருக்கிறதா? இன்றைய நீர்மட்டம் என்ன? தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை நீர் செல்லும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். இதைக் கரையிலேயே சொல்லிக்கொடுக்காத வழிகாட்டியோடு புறப்பட வேண்டாம்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் மகிழ்ச்சி எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்தவர்தான் அச்சமின்றிப் போட முடியும். வீட்டுப் பெரியவர்களும் சிறு குழந்தைகளும் மிதவையில் ஏற முடியாது. அவர்களுக்குத் திரிவேணி படித்துறையில் மாலை ஆரத்தி இருக்கிறது. அந்த மாலையும் திட்டத்தில் இடம்பெறட்டும். பயணச்சீட்டு வாங்கும் முன்பே வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொள்வோம்: கரையில் யார் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னாலும் ஏன் என்று கேட்பதில்லை, செலவைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. அதற்கான பணம் மூன்றாவது பங்கில் ஏற்கெனவே இருக்கிறது.